மூக்கன் கல் நின்ற இடம்

லூடோல்ஃப் ஹாவர்காம்ப் வக்கீலின் மேசைமேல் எப்போதும் இரண்டு மைக்கூடுகள் இருக்கும். கறுப்பு மை நீதிமன்றத்துக்கு, சிவப்பு மை சரித்திரத்துக்கு. பழைய பத்திரம், கல்லறை எழுத்து, வயதானவர்கள் சொன்ன கதை என்று எது கைக்கு வந்தாலும் அதைப் பொறுமையாகப் படியெடுப்பார். பிறகு ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு தீர்ப்பு எழுதுவார். ஒன்று ‘நம்பலாம்’, இல்லையென்றால் ‘நம்ப முடியாது’. மூன்றாவது கிடையாது. ‘ஓரளவு நம்பலாம்’ என்று ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்று பாதிரியார் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"அது உங்க தொழிலுக்குச் சரி சாமி, என் தொழிலுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார் வக்கீல்.

அவர் மனைவி வால்புர்காவுக்கு இந்தச் சிவப்பு மையைக் கண்டாலே இளக்காரம். மத்தியானம் பட்டாணி சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"எழுதிடுங்க. நம்பலாமா, முடியாதா?"

"உப்பு பார்த்துட்டுச் சொல்றேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்த்துட்டுத்தான் இருக்கீங்க."

எங்கள் பிராக்கன்பெக் பெரிய ஊர் இல்லை. வெஸ்ட்ஃபாலியா மாகாணத்தின் மலைப் பக்கத்தில் ஒரு மதில், ஒரு கோயில் கோபுரம், இருநூறு வீடு, வீட்டுக்கு நான்கு பன்றி. ஹாவர்காம்ப் இங்கே 1774இல் பிறந்தார். அப்பா நகர மன்ற எழுத்தர். பையன் பெரிய ஊரில் சட்டம் படித்தான். உயர் மன்றத்தில் வாதாடும் உரிமைச் சீட்டும் வாங்கினான். அந்த நகரத்திலேயே இருந்திருந்தால் நீதிபதியாக ஆகியிருப்பான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் திரும்பி வந்துவிட்டார். ஊர்ப்பாசம் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவரை இழுத்தது நகர மன்றத்து மாடியில் எலி தின்றுகொண்டிருந்த நான்கு பெட்டிப் பழந்தாள்கள்தான்.

அந்தப் பெட்டிகளைத் தீர்த்தபின்னும் அவர் பசி அடங்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் மன்றத்துப் பழந்தாள்களில் பாதியை யாரோ எடைக்குப் போட்டிருந்தார்கள். அந்தத் தாள்களைப் புத்தகம் கட்டுகிறவர்கள் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அட்டையாக்கிவிட்டார்கள். ஆகவே சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய ஜெபப்புத்தகம் கிழிந்தாலும் அட்டையை எறியாமல் தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்று புத்தகம் கட்டும் டோனஸிடம் சொல்லி வைத்தார். டோனஸ் அட்டைகளை வெந்நீரில் ஊறப்போட்டு, ஏடு ஏடாகப் பிரித்து, கொடியில் காயவைத்து அனுப்புவான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வக்கீலுக்கு அது தங்கச் சுரங்கம்.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் வைத்து 1824இல் அவர் எங்கள் ஊரின் சரித்திரத்தை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அச்சிட்டார். படித்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஆனால் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்தோம், பெருமைக்கு.

அந்தப் புத்தகத்தில் முந்நூற்று எட்டாம் பக்கம்தான் அவர் வாழ்க்கையை ஆட்டிவைத்த பக்கம். அதில் எங்கள் எல்லை நடையைப் பற்றி எழுதியிருந்தார்.

ஏழு வருஷத்துக்கு ஒரு தரம், மிக்கேல் திருநாளுக்கு முன்னதாக, ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். கல்லுக்குக் கல் நிற்போம். மேயர் உரக்கக் கேட்பார்: "கல் எங்க நிக்குது?" ஊர் வக்கீல் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்வார்: "தன் இடத்துல நிக்குது." அதன்பின் முதல் தடவை வந்திருக்கும் ஒருவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, பிட்டத்தை அந்தக் கல்லில் மூன்று தரம் நன்றாக மோதுவார்கள். வலிக்கும். வலித்தால்தானே நினைவிருக்கும். பிறகு கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட பன்றித் தொடையும் ஒரு மடக்குச் சாராயமும் கிடைக்கும். நாற்பது வருஷம் கழித்து அந்தக் கல்லைப் பற்றி வழக்கு வந்தால், மோதுபட்டவன் நீதிபதி முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்வான்: ‘இன்ன கல் இன்ன இடத்தில் நின்றது, என் உடம்புக்குத் தெரியும்’ என்று.

ஹாவர்காம்ப் ஒன்பது வயதில் மோதுபட்டவர். ஹுல்ஸ்பெர்க் மலையுச்சியில், மூக்குப்போல ஒரு துருத்தல் உள்ள மூக்கன் கல்லில். தூக்கியவர் அவருடைய அப்பா. அதையும் முந்நூற்று எட்டாம் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் பிரதியில் தன் நினைவுக்குத் தானே ‘நம்பலாம்’ போட்டிருந்தார். அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. எல்லை நடைக் கணக்கில் ஓர் இடத்தில் மட்டும் ஏழு வருஷம் இல்லை. 1758க்கு அடுத்தது 1762. இதற்கு அவர் அரைப்பக்கம் விளக்கம் கொடுத்திருந்தார். ஏழாண்டுப் போரின் குழப்பம், படைகளின் நடமாட்டம், இன்னும் ஏதேதோ. படித்தால் நமக்கே கேள்வி கேட்கத் தோன்றாது, அவ்வளவு அழகான விளக்கம்.

பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு. ஹுல்ஸ்பெர்க்கின் மறுபக்கச் சரிவில் எபிங்கன் என்று பதினான்கு வீட்டுச் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஆக்னெஸ் ரூதர் என்ற பெண் விளக்குமாறு விற்க எங்கள் ஊருக்கு வருவாள். ஒருநாள் வக்கீல் அவளை உட்காரவைத்துக் கதை கேட்டார். அவள் நெருப்பு மனிதனைப் பற்றிச் சொன்னாள். எல்லைக் கல்லைத் திருட்டுத்தனமாக நகர்த்தியவன் செத்தபின் அடங்கமாட்டான். எரிகிற கல்லைத் தோளில் சுமந்துகொண்டு, ‘எங்க வைக்கட்டும், எங்க வைக்கட்டும்’ என்று கேட்டுக்கொண்டே திரிவான். ‘எடுத்த இடத்துல கொண்டுபோய் வை’ என்று எவனாவது பதில் சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆக்னெஸ் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள்.

"ஹுல்ஸ்பெர்க்ல திரியறவன் மூக்கன் கல்லைத்தான் சுமக்கறான் வக்கீல் ஐயா. அந்தக் கல்லு கீழ ஓடைக்கரையில நின்ன கல்லு. எங்கப்பா சின்னப் பையனா சன்னல் வழியா பார்த்தாரு. மாடு கட்டின சறுக்குவண்டி ஒண்ணு மேல போச்சாம்."

"உங்க அப்பாவுக்கு அப்ப என்ன வயசு?"

"ஏழு. ஜுரம்."

வக்கீல் சிரித்துவிட்டு இரண்டு விளக்குமாறு வாங்கிக்கொண்டார். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: ‘நம்ப முடியாது’. அடிக்குறிப்பில் ‘பாமரரின் கட்டுக்கதை’ என்று அச்சாயிற்று.

மூன்று வருஷத்தில் எபிங்கன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். எல்லை மலையுச்சி இல்லை, ஓடைதான். இடையிலிருக்கும் ஓக் காடு தங்களுடையது என்றார்கள். அந்தக் காடு சும்மா காடு இல்லை. இலையுதிர் காலத்தில் ஓக் காய் கொட்டும், பன்றிகள் தின்று கொழுக்கும். அது கிடைத்த ஊர் குளிர்காலத்தில் கொழுப்புத் தின்னும். கிடைக்காத ஊர் முட்டைக்கோசுத் தண்ணீர் குடிக்கும்.

எங்கள் தரப்பில் வாதாடியவர் ஹாவர்காம்ப். மூக்கன் கல்லில் மோதுபட்ட ஒன்பது கிழவர்களை வரிசையாகக் கூண்டில் ஏற்றினார். ஒன்பது பேரும் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். ஒருவனும் பொய் சொல்லவில்லை, அதை நான் அடித்துச் சொல்வேன். எபிங்கனிடம் ஒரு தாளும் இல்லை, மோதுபட்டவர்களும் இல்லை. ஆக்னெஸ் ரூதர் மட்டும்தான் இருந்தாள். ஹாவர்காம்ப் அவளை அதட்டவில்லை; அன்பாகத்தான் கேட்டார்.

"ஆக்னெஸ், அந்த நெருப்பு மனுஷனை நீயே பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன்."

"பேசினானா?"

"எங்க வைக்கட்டும்னு கேட்டான்."

"எந்த ஊர்ப் பேச்சு பேசினான்?"

ஆக்னெஸ் யோசித்தாள். சத்தியம் செய்திருக்கிறாளே. "பிராக்கன்பெக் பேச்சுத்தான். அந்த இழுவை இருந்துது" என்றாள்.

மன்றம் கொல்லென்று சிரித்தது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் வழக்கு முடிந்துவிட்டது. 1829 அக்டோபர் இருபதாம் தேதி தீர்ப்பு வந்தது. காடு எங்களுக்கு. புதிய ஆவணம் ஏதாவது கிடைத்தால் பத்து வருஷத்துக்குள் மறுவிசாரணை கேட்கலாம், அதற்கப்புறம் தீர்ப்பு கல்லில் வெட்டினது என்று வழக்கமான வரி ஒன்று கடைசியில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, ஹாவர்காம்பைத் தவிர.

அதன்பின் எபிங்கனில் பன்றி குறைந்தது. எல்லை நடையன்று மறுபக்கம் வந்து நின்று எங்களோடு ரொட்டி தின்பதையும் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஆக்னெஸ் ஒருமுறை கூடையில் ஓக் காய் பொறுக்கிப் பிடிபட்டு, மூன்று நாள் மதில் கோபுரத்தில் அடைபட்டாள். விளக்குமாறு விற்க வருவதையும் விட்டுவிட்டாள். வால்புர்கா புது ஆளிடம் வாங்கி, ஒரே மாதத்தில் தேய்ந்துவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

1838 டிசம்பரில் டோனஸ் ஒரு கட்டுத் தாள் அனுப்பினான். ஏதோ பண்ணைவீட்டுப் பாட்டுப்புத்தகத்தின் அட்டையைப் பிரித்தபோது வந்தவை. பசை நாற்றம் வீட்டையே தூக்கியது. ஒன்பது வருஷத்து வெற்றியைக் கவிழ்க்கப்போகிற தாளை ஹாவர்காம்ப் ஜன்னலோரம் நின்றபடி காலை வெளிச்சத்தில் படித்தார்.

அது 1761 நவம்பரில் அப்போதைய பிராக்கன்பெக் மேயர் ஒரு மடத்து நிர்வாகிக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதில் இருந்தது இதுதான்: எபிங்கனில் படைக்காய்ச்சல் பரவி, பதினான்கு வீடுகளில் பதினொன்று பூட்டிக் கிடப்பதால், இது தக்க தருணம் என்று கருதி, ஓடைக்கரை மூக்கன் கல்லைச் சறுக்குவண்டியில் மாடு கட்டி மலையுச்சிக்கு ஏற்றிவிட்டோம். முறைப்படி வரும் நடைக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தாலும், வரும் ஆண்டிலேயே ஒரு நடையை வைத்து, ஊர்ச் சிறுவர் பலரை அக்கல்லில் மோதிவிட்டால் எழுத்தே தேவையிராது. அவர்கள் கிழவர்களாகும்வரை நினைவிருக்கும். இந்த யோசனையைச் சொன்னவர் எம் மன்ற எழுத்தர் ஹெர்மான் ஹாவர்காம்ப்.

ஹெர்மான் அவருடைய தாத்தா. 1762இல் அந்தக் கல்லில் மோதுபட்ட சிறுவரில் அவருடைய அப்பாவும் ஒருவர். அப்பா எதுவும் அறியாமல் தன் மகனைத் தூக்கி அதே கல்லில் மோதினார். கூண்டேறிய ஒன்பது கிழவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவர்கள் உடம்பில் பொய்யை இறக்கிவைத்தவர்கள் எண்பது வருஷத்துக்கு முன்பே வேலையை முடித்துவிட்டார்கள்.

ஹாவர்காம்ப் கடிதத்தைப் படியெடுத்தார். சிவப்பு மையில் பேனாவைத் தொட்டார். எழுதவில்லை. மை காய்ந்தது. மறுபடி தொட்டார்.

"சூப்பு ஆறுது" என்றாள் வால்புர்கா.

அவர் தாளை அவளிடம் நீட்டினார். அவள் கைதுடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை டோனஸ் படிச்சிருப்பானா?"

"அவன் காயவைப்பான். படிக்கமாட்டான்."

"அப்ப நீங்க, நான், கடவுள்."

"ஆமா."

"அடுப்பு எரியுது" என்றாள். சற்றுப் பொறுத்து, "நான் சொல்லலைங்க. அடுப்பு எரியுதுன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

அவர் தாளை அடுப்பில் போடவில்லை, வெளியிலும் சொல்லவில்லை. வக்கீல் தன் கட்சிக்காரனுக்கு எதிராக வாய் திறக்கக்கூடாது. அது அவர் எடுத்த சத்தியம். ஊர்தான் அவர் கட்சிக்காரன். ஆனால் கட்சிக்காரனிடம் மறைக்கவும் கூடாது. ஆகவே மேயர் காஸ்பர் ட்ரோகெயிடம் போனார். ட்ரோகெ மாவு அரைக்கும் ஆலை வைத்திருப்பவர்; நல்ல மனிதர், நல்ல வயிறு. கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது பழைய தாளு வக்கீலய்யா. கரப்பான் தின்ன தாளு."

"தாளு பழசு. காடு இன்னும் இருக்குதே."

"காடு தீர்ப்புல இருக்கு. நீங்க வாங்கிக்குடுத்த தீர்ப்பு. சரி, அக்டோபர் இருபதோட பத்து வருஷம் முடிஞ்சிடும் இல்ல? அதுவரைக்கும் சரித்திரத்தைக் கொஞ்சம் தூங்கவிடுங்க. அப்புறம் அதை எழுப்பி என்ன வேணா பண்ணுங்க, நானே அச்சுக்குக் குடுக்கறேன். உங்க படத்தையும் மன்றத்துல மாட்டிடலாம்."

இந்தப் பேரம் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அவரவர் பன்றியை நினைத்துத்தான் பேசுவார்கள். ஹாவர்காம்புக்கும் இது கேட்க இனிமையாக இருந்தது. சட்டம் சுத்தம், சத்தியம் சுத்தம், சரித்திரமும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். ஒன்பது மாதம் அவர் இந்த நியாயத்தைத் தனக்குத்தானே வாதாடி, தானே தலையாட்டி, ஒவ்வொரு நாளும் வழக்கில் ஜெயித்தார். ஆனால் கடிதத்தின் ஓரம் வெறுமையாகவே கிடந்தது. இரண்டே சொற்கள்தான் அவரிடம் இருந்தன, இரண்டில் ஒன்றை எழுத முடியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய மனிதர் அந்த ஒன்பது மாதத்தில் பாதியாய் இளைத்தார்.

"ஒண்ணு எழுதுங்க, இல்ல சாப்பிடுங்க" என்றாள் வால்புர்கா. "ரெண்டையும் விட்டுட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?"

1839 எல்லை நடை செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அறுபத்தைந்து வயதில் ஹாவர்காம்ப் கோட்டு போட்டு, எல்லைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நல்ல வெயில். மேளம் முன்னால் போயிற்று. கல்லுக்குக் கல் மேயர் கேட்டார், அவர் பதில் சொன்னார். "தன் இடத்துல நிக்குது." பதினேழு கல்லுக்கும் குரல் சரியாகவே வந்தது.

பதினெட்டாவது மூக்கன் கல். மலையுச்சியில் கால்வைத்ததும் மறுபக்கச் சரிவில் ஒரு உருவம் தெரிந்தது. ஆக்னெஸ் ரூதர். அறுபதைத் தாண்டிவிட்டாள். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எபிங்கனிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. காட்டுக்குள் காலை வைக்காமல், ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல் எங்க நிக்குது?" என்று மேயர் ட்ரோகெ கேட்டார்.

ஹாவர்காம்ப் பட்டியலைப் பார்த்தார். ‘தன் இடத்தில்’ என்று அதில் தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்து அப்பா எழுதி, அப்பாவைப் பார்த்து அவர் எழுதியிருந்தார்.

"கல் எங்க நிக்குதுங்க வக்கீலய்யா?" மேயர் கொஞ்சம் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார்.

"எடுத்த இடத்துல கொண்டுபோய் வை" என்றார் ஹாவர்காம்ப்.

 முந்நூறு பேரும் சிரித்தார்கள். நெருப்பு மனிதனுக்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. வக்கீலய்யா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தமாஷ் பண்ணிவிட்டார் என்று கைதட்டினார்கள்.

"நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. இந்தக் கல்லு ஓடைக்கரையில நின்ன கல்லு. நம்ம ஆளுங்கதான்..."

"பார்த்தீங்களா" என்று மேயர் குரலை உயர்த்தினார். அவருக்கு வியர்த்திருந்தது, ஆனால் ஆள் சாமர்த்தியசாலி. "ஐயாவுக்கு வயசாச்சு, கல்லு மறந்துபோச்சு. மறந்தவங்களுக்கு நம்ம ஊர்ல என்ன வைத்தியம்?"

"மோதுங்கடா!" என்று கூட்டம் கத்தியது.

தூக்கிவிட்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை, அன்பாக, அப்பாவைத் தூக்குகிற மாதிரி, தலைக்குக் கீழே ஒருவன் கையைக் கொடுத்து. மூன்று தரம் மோதினார்கள். அந்த வலி அவருக்குத் தெரிந்த வலி. ஒன்பது வயதில் பட்ட அதே இடத்தில், அதே துருத்தல். மேலே வானம் தெரிந்தது. அன்றைக்கு அந்த வானத்துக்கு நடுவில் அப்பாவின் முகம் பெருமையாகச் சிரித்தது. அப்பாவை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நினைவுதான் அவரிடமிருந்த நினைவுகளிலேயே நல்ல நினைவு. அதுவும் போகப்போகிறது என்பதுதான் அந்த ஒன்பது மாதமும் அவர் பேனாவைத் தடுத்து வைத்திருந்தது. காடு இல்லை, பெயரும் இல்லை.

இறக்கிவிட்டதும் யாரோ சாராயக் குப்பியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கோட்டுக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றை மேயரிடம் கொடுத்தார்.

"என்னது இது?"

"ஊர் வக்கீல் வேலையை விட்டுட்டேன். இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க எனக்குக் கட்சிக்காரர் இல்ல."

"ஐயா, விளையாடாதீங்க. ரொட்டி வெட்டறாங்க, வாங்க."

அவர் மறுபக்கச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். ஓக் காய்கள் காலடியில் உருண்டன. இரண்டு இடத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். மேலே யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரன் ஒருவன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆக்னெஸ் எழுந்திருக்கவில்லை. அவர் ஓடையைத் தாண்டி வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை மோதினாங்களே. இந்த வயசுலயா?" என்றாள்.

"மோதினாங்க. இதை வாங்கிக்குங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கு."

"அப்ப எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டக் குடுங்க."

 முப்பத்தைந்து வருஷம் மன்றத்தில் பேசியவர் ஓடைக்கரையில் தாளை நீட்டியபடி நின்றார். அவளே கூடையை நிமிர்த்தி, தாளை வாங்கி அதற்குள் வைத்தாள்.

"யாரு நகர்த்தினது?"

"யோசனை சொன்னது என் தாத்தா."

ஆக்னெஸ் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அதான் அந்த இழுவை" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பழைய சந்தேகம் ஒன்று தீர்ந்ததுபோலச் சொன்னாள்.

பத்து வருஷக் கெடு முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. எபிங்கன்காரர்கள் பத்தே நாளில் வேறு வக்கீல் வைத்து மனுப் போட்டார்கள். ஒன்றரை வருஷம் இழுத்தது. எங்கள் ஊர் புது வக்கீல், கடிதம் போலி என்றார், பசைக்கறையை வைத்து என்னென்னவோ வாதாடினார். கடைசியில் ஹாவர்காம்பைச் சாட்சியாக ஏற்றி, கல் உச்சியில் நின்றது அவருக்கே நினைவில்லையா என்று கேட்டார்.

"நல்லா நினைவிருக்கு. ஆனா என் நினைவை நம்ப முடியாது" என்றார் ஹாவர்காம்ப்.

யாரும் சிரிக்கவில்லை. 1841 இளவேனிலில் மூக்கன் கல் சறுக்குவண்டியில் ஓடைக்கரைக்கு இறங்கியது. அதை இறக்க எங்கள் ஊரிலிருந்து மாடு தர ஒருவரும் முன்வரவில்லை. எபிங்கன்காரர்கள் நான்கு பசுக்களைக் கட்டி இழுத்தார்கள்.

அதற்குப்பின் ஹாவர்காம்புக்கு எங்கள் ஊரில் வழக்கு வரவில்லை, வணக்கமும் வரவில்லை. கோயிலில் அவர் பெஞ்சில் வால்புர்கா ஒருத்திதான் உட்காருவாள். டோனஸ்கூட அட்டை அனுப்புவதை நிறுத்திவிட்டான். நானும் அந்த வருஷங்களில் அவரைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனவன்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியாக இருக்காது. எங்கள் வீட்டில் பன்றி நான்கிலிருந்து இரண்டாகியிருந்தது. கோபம் இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் வாசலில் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தரம் புது விளக்குமாறு சாத்தியிருக்கும். நீண்ட நாள் உழைக்கும் விளக்குமாறு. வால்புர்கா அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள், யார் வைத்தது என்று கேட்கமாட்டாள்.

அவர் 1846 மார்ச்சில் இறந்தார். இரண்டாம் பதிப்பு அச்சேறவில்லை. திருத்திய பிரதியை வால்புர்கா பாதிரியார் வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். அதில் படியெடுத்திருந்த 1761 கடிதத்தின் ஓரத்தில் ஒரு வழியாகச் சிவப்பு மை வந்திருந்தது: ‘நம்பலாம்’. அப்பா தன்னைத் தூக்கி மோதிய அந்தக் காலையைப் பற்றிய வரிகளை அவர் அடிக்கவில்லை. அப்படியே விட்டு, பழைய தீர்ப்பை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘நம்ப முடியாது’ என்று எழுதியிருந்தார். 

அடிக்குறிப்பில் ‘பாமரரின் கட்டுக்கதை’ என்ற சொற்கள் இல்லை. அந்த இடத்தில் இப்படி இருந்தது:

‘ஹுல்ஸ்பெர்க் நெருப்பு மனிதன் பிராக்கன்பெக் இழுவையில் பேசுவான். சொன்னவர்: ஆக்னெஸ் ரூதர், எபிங்கன். நம்பலாம்.’